ஆர்.எச்.சி.இ. பரீட்சையும் அரசு லேப்டாப்பும்

திருமானூர்ல கொள்ளிடம் பாலம் ஏறினா தஞ்சாவூர், இந்தப் பக்கம் திரும்பினா அரியலூர். ரெண்டு பக்கமும் பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் படிச்ச பசங்க நிறைய. அவங்ககிட்டேர்ந்து வர்ற கேள்வி இது: "அண்ணே, ஆர்.எச்.சி.இ. எழுதணும், எந்த லினக்ஸ் போடறது?" ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு மக்களே.

1999-ல ரெட் ஹாட் இந்தப் பரீட்சையை ஆரம்பிச்சப்போ குழப்பமே கிடையாது. ரெட் ஹாட் லினக்ஸ் இலவசம். சிடியைப் போட்டுப் படிச்சா அதுலயேதான் பரீட்சை. 2003-ல 9-ம் பதிப்போட அந்தக் கடையை மூடிட்டாங்க. ஒரு பக்கம் இலவசமா ஃபெடோரா, இன்னொரு பக்கம் காசு கட்டி வாங்கற என்டர்பிரைஸ் லினக்ஸ். பரீட்சை காசு கட்டறதுலதான்!

மூல நிரல் திறந்து கிடந்ததால அதை எடுத்து, ரெட் ஹாட் பெயரையும் தொப்பியையும் நீக்கிட்டு, திரும்பக் கம்பைல் பண்ணிக் கொடுத்தாங்க சில பேர். அப்படி 2004-ல வந்ததுதான் செண்ட்ஓஎஸ். ஏழைப் பையனோட ரெட் ஹாட்டுன்னே சொல்லலாம்.

நம்ம ஊர்ல வேற மாதிரி திருப்பம். 2011 செப்டம்பர்ல தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ, விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. சென்னை சி-டாக் உருவாக்கினது, 2007-ல வெளியானது. கையில லினக்ஸ் இருக்கு, அப்புறமென்னன்னு தோணும். ஆனா பாஸ் டெபியன் வம்சம். அதுல ஆப்ட், டெப் பொதி. பரீட்சையிலயோ யம், ஆர்பிஎம். நெட்வொர்க் கோப்பு இருக்குற இடமே வேற. எல்லாத்துக்கும் மேல எஸ்இ-லினக்ஸ்! ரெட் ஹாட்ல அது எப்பவும் முழிச்சிருக்கும். டெபியன் பக்கம் தானா இயங்காது. இதுல பழகாதவங்க பரீட்சையில வெப் சர்வரை ஏத்திட்டு, பக்கம் ஏன் திறக்கலன்னு முழிக்க வேண்டியதுதான்.

இது சரியான விடையை டிக் அடிக்கிற பரீட்சை இல்ல. மெஷினைக் கையில கொடுத்துடுவாங்க. செஞ்சதெல்லாம் ரீபூட்டுக்கு அப்புறமும் நிக்கணும், இல்லாட்டி மார்க் போச்சு. அதனால விரல் பழகினாத்தான் உண்டு. (எல்பிஐசி-1 எழுதறவங்களுக்குக் கவலையில்ல, அதுல ரெண்டு வம்சமும் உண்டு.)

2014-ல செண்ட்ஓஎஸ் ரெட் ஹாட் குடைக்குள்ள போச்சு. 2029 வரை இருக்கும்னு நம்பின செண்ட்ஓஎஸ் 8-ஐ, 2021 கடைசியோட நிறுத்தறோம்னு 2020 டிசம்பர்ல அறிவிச்சாங்க. என்னைக் கேட்டா அது நம்பிக்கை துரோகம்தான். 2021-லயே அல்மாவும் ராக்கியும் வந்துடுச்சு. ரெட் ஹாட்டும் தன் பங்குக்கு, தனிநபர் 16 மெஷின் வரை ஒரிஜினலையே இலவசமா ஓட்டலாம்னு கொடுத்துச்சு.

அதனால பதில்: அந்த இலவச ஒரிஜினல், இல்லன்னா அல்மா, ராக்கி. ஆனா பரீட்சை எந்தப் பதிப்புன்னு பார்த்துட்டுப் போடுங்க. 10-ம் பதிப்பு ஏவிஎக்ஸ்2 இல்லாத பழைய பிராசசர்ல ஏறவே ஏறாது. 2011, 12-ல வந்த அரசு லேப்டாப் வச்சிருக்கவங்க அல்மா 10-ஐப் பாருங்க, பழைய பிராசசருக்குன்னு தனியா ஒண்ணு கொடுக்கறாங்க.