நடமாடும் டி.ஜே.க்களின் ஒலிபெருக்கி அமைப்பு

நடமாடும் டி.ஜே. என்பவர் தனக்கென்று நிலையான அரங்கம் இல்லாமல், அழைத்த இடத்துக்குக் கருவிகளோடு போய்ப் பாட்டு ஒலிக்கச் செய்பவர். திருமண வரவேற்பு, மஞ்சள் நீராட்டு, கல்லூரி விழா, அலுவலக விருந்து, கோயில் கொடை எல்லாம் அவர் போகும் இடங்கள். கிளப்பில் வேலை செய்யும் டி.ஜே.க்கு ஒலிபெருக்கிகள் சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். நடமாடுபவருக்கு அவை வண்டியில் வந்து, மாடியேறி, ஒரு மணி நேரத்துக்குள் பாடத் தொடங்கி, விழா முடிந்ததும் மறுபடி வண்டி ஏற வேண்டும். ஆகவே எவ்வளவு தூரம், எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்ற கேள்வியோடு, இரண்டு பேரால் தூக்க முடியுமா என்ற கேள்வியும் இந்த அமைப்பைத் தீர்மானிக்கிறது. கடைகளில் முதலில் காட்டப்படும் வாட் எண் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

வரலாறு

ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகப் பாட்டு போடும் வழக்கம் 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் பெருந்தொழிலாக வளர்ந்தது. டியூக் ரீட், காக்ஸன் டாட் போன்றவர்கள் ஆளுயரப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். ஜமைக்காவிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளையான கிளைவ் கேம்ப்பெல், டி.ஜே. கூல் ஹெர்க் என்ற பெயரில் 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியில் நடத்திய விருந்தை ஹிப் ஹாப் இசையின் பிறப்பாகக் கொண்டாடுகிறார்கள். அவருடைய பெயர் பரவியதில் பாட்டுத் தேர்வுக்கு இருந்த பங்கு அவருடைய பெட்டிகளின் பலத்துக்கும் இருந்தது. அதே பத்தாண்டின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பிலிப்பினோ அமெரிக்க இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து, பள்ளி நடனங்களுக்கும் திருமணங்களுக்கும் நடமாடும் டி.ஜே. சேவை நடத்தினார்கள்.

தமிழ்நாட்டில் இந்த வேலையை முன்பிருந்தே செய்துவந்தது மைக் செட். புளியமரத்திலோ மூங்கில் கம்பத்திலோ கட்டிய குழாய், கீழே இசைத்தட்டுப் பெட்டி, பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் என்று ஒரே ஆள் கல்யாண வீட்டை ஊருக்கே அறிவித்துவிடுவார். அந்தக் குழாய்க்குப் பேஸ் கிடையாது. குரலின் அலைவரிசையை மட்டுமே அது எடுத்துச் செல்லும். ஆனால் சில பத்து வாட்டிலேயே அடுத்த ஊர் வரை கேட்டது. குழாய் வடிவம் கொடுத்த மின்சாரத்தைச் சிதறவிடாமல் ஒலியாக்கியதுதான் காரணம். இன்றைய பெட்டியைத் தேர்ந்தெடுப்பவரும் இதே விஷயத்தில்தான் தொடங்க வேண்டும்.

பெட்டிகளின் எடை குறைந்தது அண்மைக் காலத்தில்தான். 1980-களில் வந்த நியோடிமியம் காந்தம், பழைய ஃபெர்ரைட் காந்தத்தின் வேலையைச் சிறிய அளவிலேயே செய்தது. பின்னர் பரவலான கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் வெப்பமாக வீணாகும் மின்சாரத்தைக் குறைத்ததால், கனமான வெப்பத் தகடுகள் தேவையற்றுப்போயின. 1995-ல் ஜேபிஎல் நிறுவனத்தின் ஈயான் வரிசை, ஆம்ப் உள்ளேயே அமைந்த பிளாஸ்டிக் பெட்டியைப் பரவலாக்கியது. 2003-ல் போஸ் நிறுவனம் எல்1 என்ற மெல்லிய தூண் வடிவ அமைப்பைக் கொண்டுவந்தது.

வாட்டும் டெசிபலும்

ஒரு பெட்டிக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளக்கும் ஒலி அளவே அதன் உணர்திறன். 97 டெசிபல் உணர்திறன் உள்ள பெட்டிக்கு 400 வாட் கொடுத்தால் 123 டெசிபல் கிடைக்கும். 91 டெசிபல் உள்ள பெட்டி அதே 123-ஐ எட்ட 1600 வாட் வேண்டும். கடையில் இரண்டையும் அருகருகே வைத்தால் 1600 வாட் பெட்டியே வலியது என்று தோன்றும்; காதில் இரண்டும் ஒன்றுதான். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. கேட்பவருக்குச் சத்தம் இரண்டு மடங்கானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவைப்படும்.

வாட் எண்ணிலும் பல வகை உண்டு. பெட்டி மணிக்கணக்கில் தாங்குவது தொடர் அளவு. அதன் இரண்டு மடங்கை புரோகிராம் என்றும் நான்கு மடங்கை உச்சம் என்றும் குறிப்பது வழக்கம். பெட்டியின் மேல் பெரிதாக 2000 என்று அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் உச்சம். தொடர்ந்து தாங்குவது 500 தான். பிஎம்பிஓ என்ற பெயரில் வரும் எண்ணுக்கு எந்தப் பொதுத் தரமும் இல்லாததால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

தகவல் தாளில் தேட வேண்டியது அதிகபட்ச ஒலி அளவு. அதிலிருந்து கடைசி வரிசை வரை கணக்குப் போடலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். யமஹாவின் டிபிஆர்12 என்ற 12 அங்குலப் பெட்டிக்கு 131 டெசிபல் என்று அந்நிறுவனம் குறிப்பிடுகிறது. அது 1 மீட்டரில் எட்டும் உச்சம். 2 மீட்டரில் 125, 4-ல் 119, 8-ல் 113, 16 மீட்டரில் 107. பாட்டின் சராசரி உச்சத்தைவிடக் குறைந்தது 10 டெசிபல் கீழே இருக்கும். ஆகவே 8 மீட்டரில் நிற்பவர் கேட்பது சராசரியாக 100-ஐ ஒட்டியும், 16 மீட்டரில் நிற்பவர் கேட்பது 95-ஐ ஒட்டியும் இருக்கும். ஆடும் கூட்டத்துக்கு இது போதும். மண்டபத்துக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இந்த அளவுக்குக் குறையாது. ஆனால் அந்த எதிரொலி தெளிவைக் கெடுக்கும். 150 பேர் உள்ள வரவேற்புக்கு இந்த வகைப் பெட்டி இரண்டு போதும் என்று துணிந்து சொல்லலாம். அதே இரண்டை வைத்துக்கொண்டு திறந்த மைதானத்தில் 500 பேரை ஆட வைக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட தரம், இசை நிகழ்விடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பெட்டியின் பக்கத்திலேயே குழந்தைகள் ஆடும் நம் விழாக்களில் இந்த எல்லையை டி.ஜே. கட்டாயம் காக்க வேண்டும். கேட்கும் சக்தி போனால் திரும்பாது.

டாப்

நடுத்தர, உயர் அலைகளைத் தரும் மேல் பெட்டியைத் தொழிலில் டாப் என்பார்கள். 10, 12, 15 அங்குலம் என்ற மூன்று அளவுகள் புழக்கத்தில் உள்ளன. பேஸ் பெட்டி தனியாக இருந்தால் 10 அல்லது 12 அங்குல டாப் வாங்குவதே நல்லது. பேஸ் இல்லாமல் இரண்டு பெட்டியோடு மட்டும் போகிறவருக்குத்தான் 15 அங்குலம் பயன்படும்; குரலின் தெளிவு 12 அங்குலத்தில் கூடுதலாக இருப்பதைப் பலமுறை கேட்கலாம். நம்மூர் ஆட்டப் பாட்டுகளில் பறை, தவிலின் அடி திடீரென்று எழும் கூர்மையான உச்சம். அதை நசுக்காமல் தர, டாப் எப்போதும் தன் எல்லைக்குப் பல டெசிபல் கீழே ஓட வேண்டும்.

டாப்பை எங்கே நிறுத்துகிறோம் என்பது எந்தப் பெட்டி என்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. உயர் அலைகளை மனித உடல் மறைத்துவிடும். பெட்டியை மேசை மேல் வைத்தால் முதல் வரிசைக்காரர் காது கூசும். நான்காவது வரிசைக்கு வரிகளே புரியாது. 35 மில்லிமீட்டர் குழாய் கொண்ட ஸ்டாண்டில் ஏற்றி, நிற்பவர்களின் தலைக்கு மேல் உயர் அலைக் குழல் வரும்படி வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால், முன்னும் பின்னும் ஒலி அளவின் வேறுபாடு குறையும். ஸ்டாண்டின் கால்களை முழுதாக விரித்து, திறந்த வெளியில் மணல் மூட்டை கட்டுவது கட்டாயம். கூட்டத்தில் ஒருவர் தடுக்கினால் 16 கிலோ தலையில் விழும்.

ஆம்ப் உள்ளேயே உள்ள ஆக்டிவ் பெட்டிகளைத்தான் தனி ஆளாகப் போகும் டி.ஜே. வாங்க வேண்டும். அலைகளைப் பிரிக்கும் கிராஸ்ஓவரும் மிகைச் சத்தத்தைத் தடுக்கும் லிமிட்டரும் அந்தப் பெட்டிக்கென்றே தொழிற்சாலையில் அளந்து அமைக்கப்பட்டவை. பாஸிவ் பெட்டி, தனி ஆம்ப் என்ற பழைய முறைக்கும் நியாயம் உண்டு: ஆம்ப் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், பெட்டிக்கு மின்வயர் இழுக்க வேண்டாம். மொத்தமாகப் பல பெட்டி வைத்து வாடகைக்கு விடுபவர்களுக்கு அது பொருந்தும்.

பேஸ்

ஆட்டம் உள்ள விழாவுக்குப் பேஸ் பெட்டி வேண்டும். பேச்சும் மெல்லிசையும் மட்டும் என்றால் வேண்டாம். 12 அங்குல டாப் 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று தாளில் இருந்தாலும், அது பெரும்பாலும் ஒலி 10 டெசிபல் தேய்ந்துபோன புள்ளி. உருமியின் உறுமலும் இன்றைய திரைப்பாட்டின் கிக் டிரம்மும் உடம்பில் படுவதற்குத் தனிப் பேஸ் அவசியம். 15 அங்குலமா 18 அங்குலமா என்பதை மண்டபத்தின் மாடிப்படிதான் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டு மண்டபங்கள் பலவற்றில் சாப்பாட்டுக் கூடம் கீழேயும் மேடை மாடியிலும் இருக்கும். 40, 50 கிலோ எடையுள்ள 18 அங்குலப் பெட்டியைப் படியில் ஏற்றுவது இரண்டு பேருக்கும் சிரமம். குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் வைத்திருப்பவர் 18 அங்குலம் இரண்டு ஏற்றலாம். காரில் போகிறவருக்கு 15 அங்குலம் ஒன்றே சரி.

பேஸை இரு ஓரமும் பிரித்து வைப்பது பலரிடமும் உள்ள பழக்கம். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். இரண்டு பெட்டிகள் விலகி நின்றால், நடுவில் அலைகள் கூடி இடிக்கும், பக்கங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டையும் ஒட்டித் தரையில் வைத்தால் 6 டெசிபல் வரை கூடுதலாகக் கிடைக்கும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்கும். டாப்பும் பேஸும் பிரியும் இடத்தை 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் வைத்து, பேஸில் உள்ள கட்ட மாற்றும் சுவிட்சை இரு நிலையிலும் போட்டுக் கேட்க வேண்டும். எந்த நிலையில் கிக் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி. இந்த அரை நிமிட வேலையைச் செய்யாததால் நல்ல பெட்டிகள் பொக்கையாகக் கேட்பது அடிக்கடி நடக்கிறது.

தூணும் பேட்டரியும்

தூண் அமைப்பில் சிறு ஒலிபெருக்கிகள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருக்கும். ஒலி பக்கவாட்டில் அகலமாகப் பரவும், மேலும் கீழும் குறைவாகச் சிதறும். ஆகவே எதிரொலிக்கும் கூடத்தில் பேச்சு நன்றாகப் புரியும். ஸ்டாண்டும் கேபிள் குவியலும் இல்லாததால் புகைப்படத்தில் அழகாக இருக்கும். வரவேற்புக்கு அழைப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். அதே விலையுள்ள டாப்பும் பேஸும் தரும் ஆட்டத்துக்கான அடியை இது தராது. பேட்டரிப் பெட்டிகள் பல 10 கிலோவுக்குள் கிடைக்கின்றன. மணப்பெண் அழைப்பு, கடற்கரை, தோட்டம் போன்ற பிளக் இல்லாத இடங்களுக்கு அவை உகந்தவை. முழு சத்தத்தில் ஓட்டினால் தாளில் சொன்ன மணிக்கணக்கு வராது.

மின்சாரமும் சமிக்ஞையும்

நம் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் ஒன்று ஏறத்தாழ 1380 வாட் தாங்கும். கிளாஸ் டி பெட்டிகள் சராசரியாக இழுப்பது உச்ச எண்ணின் சிறு பங்கே என்பதால், இரண்டு டாப்பும் ஒரு பேஸும் ஒரே இணைப்பில் ஓடும். சீரியல் விளக்குகளுக்கு வேறு இணைப்பு வேண்டும். ஜெனரேட்டரில் வோல்ட் ஏறி இறங்குவதால், 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் மின்பகுதி கொண்ட பெட்டியே பாதுகாப்பு. ஹம்மிங் வந்தால், பாட்டைக் கலந்து அனுப்பும் கன்ட்ரோலரையும் பெட்டிகளையும் ஒரே பிளக்கிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது சமிக்ஞைக் கேபிளின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். எர்த் முனையைக் கழற்றிவிடும் பழக்கம் உயிரைக் குடிக்கும்.

கன்ட்ரோலரிலிருந்து பெட்டிக்கு எக்ஸ்எல்ஆர் கேபிள்தான் போக வேண்டும். நீளமாக இழுத்தாலும் இரைச்சல் ஏறாது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒலி அங்கேயே சிதைந்துவிட்டது. பெட்டியின் லிமிட்டர் ஒலிபெருக்கியின் சுருளைக் காக்கலாம். சிதைந்த ஒலியைச் சீராக்காது. பச்சையின் மேல்முனையில் நிறுத்தி, மீதியைப் பெட்டியில் ஏற்றுவதே முறை. மைக் பிடிப்பவர் டாப்புக்கு முன்னால் வந்தால் விசிலடிக்கும் என்பதால், பெட்டிகளை ஆட்டத் தளத்தின் முன்விளிம்பில் வைத்து, தொகுப்பாளரை அவற்றின் பின்னால் நிறுத்த வேண்டும்.

சட்டம்

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை, மூடிய கூடங்களுக்குள் தவிர வேறெங்கும் ஒலிக்கக் கூடாது. பண்டிகைகளுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிய குறைந்தது 100 மீட்டர் பகுதியை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலி, அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. எல்லைச் சுவரைத் தாண்டி அதிகம் போவது பேஸ் என்பதால், குடியிருப்பு நடுவில் உள்ள மண்டபத்துக்குச் சிறிய பேஸே போதும்.

வாங்குவது

கேட்காமல் வாங்கக் கூடாது. பழக்கமான ஒரு பாட்டைக் கடைக்குள் ஒலிக்கவிட்டு முன்னால் நிற்பதோடு நில்லாமல், பக்கவாட்டில் 45 பாகை தள்ளி நின்றும், கதவுக்கு வெளியே போயும் கேட்க வேண்டும். பக்கத்தில் குரல் மங்கினால் அந்தப் பெட்டியின் பரவல் குறுகியது. பழைய பெட்டி என்றால், ஆம்பை அணைத்துவிட்டுக் கூம்பின் மையத்தை இரு கைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திப் பார்க்கலாம். உள்ளே உராயும் சத்தம் வந்தால் சுருள் கெட்டிருக்கலாம். உயர் அலைக்கான டயாஃப்ரமும் ஆம்ப் பலகையும் தனி உதிரியாகத் தன் மாவட்டத்திலேயே கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். முகூர்த்த மாதத்தில் பெட்டி படுத்துவிட்டால், வெளியூரிலிருந்து உதிரி வந்து சேரும் வரை வாடகைப் பெட்டியை வைத்துத்தான் நிகழ்ச்சிகளை ஓட்ட வேண்டியிருக்கும்.