வாளும் மூங்கிலும்

'சுங்கை' என்பது ஆறு. 'பூலோ' என்பது மூங்கில். மூங்கிலாறு என்னும் பொருள்பட மலாய் மக்கள் பெயரிட்ட இவ்வூருக்கும் தமிழர்தம் வாட்கலைக்கும் உறவுண்டு என்றால் சிலர் வியப்புறலாம். அவ்வுறவினை அறியப் பழந்தமிழ்ப் போர்க்களத்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் தும்பைத் துறைகளுள் 'அமலை' என்பதொன்று. களிற்றொடு வீழ்ந்த பகைவேந்தனைச் சூழ்ந்து, வென்ற வேந்தனின் வாள்வீரர் திரண்டு ஆடும் ஆட்டம் அது. புறப்பொருள் வெண்பாமாலை இதனை 'ஒள்வாள் அமலை' எனப் பெயரிட்டு வழங்கும். வாளைப் போற்றும் வாள்மங்கலமும், நன்னாளில் வாளினை முன்னே புறப்படவிடும் நாட்கோளும் நம் இலக்கணம் வகுத்த துறைகளே. வாள் அன்று வெறும் கருவியன்று, வாழ்த்துப் பெறும் பொருள், ஆட்டத்திற்குரிய அணி.

அந்த ஆட்டம் இன்று எங்கே? பெயர் இருக்கிறது, அடவு இல்லை. துறை இருக்கிறது, தாளம் இல்லை. ஏட்டில் நிலைத்தது நாட்டில் நிலைக்கவில்லை.

இவ்விடத்தில் கொரிய நாட்டை ஒப்புநோக்குதல் பயன்தரும். அங்கும் வாட்கூத்தின் தோற்றம் குருதியோடு பிணைந்ததே. சில்லா நாட்டுச் சிறுவன் ஹுவாங்சாங் என்பான் பகைநாடாகிய பெக்சேவின் அரசவையில் வாளேந்தி ஆடி, ஆட்டத்தினூடே மன்னனைக் கொன்று, தானும் மடிந்தான் என்பது அம்மக்கள் போற்றும் கதை. அவன் முகம்போல் முகமூடி செய்து அணிந்து சில்லா மக்கள் ஆடினர் என்பர். காலம் செல்லச் செல்ல அக்கூத்து அரண்மனைக்கும் பிறகு ஊர்ச்சபைகளுக்கும் வந்தது. 'கிசேங்' எனப்பட்ட ஆடல்மகளிர் போர்வீரர் உடை பூண்டு, இரு கைகளிலும் வாளேந்தி அதனை ஆடினர். ஓவியர் சின் யுன்-போக் தீட்டிய இரட்டை வாட்கூத்து ஓவியம் அக்காலத்தின் கண்கண்ட சான்று.

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சியில் வாடியது. அரசவை அழிந்தது, ஆடல்மகளிர் இழிவாக எண்ணப்பட்டனர். ஆயினும் ஜின்ஜு நகரத்து முதிய பெண்டிர் தம் கால்களிலும் கைகளிலும் அக்கூத்தைக் காத்து வைத்திருந்தனர். 1962இல் தென்கொரியா பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் இயற்றியது. 1967இல் எண்மர் எதிரெதிர் வரிசையில் நின்றாடும் ஜின்ஜு வாட்கூத்து அச்சட்டத்தின்கீழ்ப் பன்னிரண்டாவது கலைச்செல்வமாக ஏற்கப்பெற்றது. கூத்திற்கு மட்டுமன்று, அதனைத் தாங்கி நின்ற மனிதர்க்கும் அந்நாடு மதிப்பளித்தது. கற்பித்தல் அவர்தம் கடமையாயிற்று. கலையைக் காத்தல் என்பது கலைஞரைக் காத்தலே என்னும் உண்மையை அந்நாடு உணர்ந்தது.

நம் வரலாறு வேறு வழியில் சென்றது. 1801இல் பாளையக்காரர் போர் ஒடுக்கப்பட்டபின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்களின் படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் அத்தடையை இந்தியா முழுமைக்கும் இறுக்கியது. வாள் உறைக்குள் அன்று, வரலாற்றுக்குள் போயிற்று. எஞ்சியது மூங்கில். சிலம்பம் தொன்மையான கலைதான். ஆயினும் வாளேந்த இயலாத கைகளுக்கு அக்கம்பே புகலிடமாயிற்று எனலாம். கம்பில் தேர்ந்த மாணவனுக்கு வாளும் சுருள்வாளும் மான்கொம்பும் பயிற்றும் ஆசான்கள் இன்றும் உளர். 'வீடு கட்டுதல்' என்று அவர்கள் சொல்லும் அழகிய அடிவரிசையைக் காண்பவர், அது சண்டையா கூத்தா எனத் திகைப்பர். அமலையின் நிழல் அங்கே ஆடுகிறது என்று கருத இடமுண்டு.

அந்தக் கம்பினைத்தான் நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்குக் கொணர்ந்தனர். பகலெல்லாம் பால்வெட்டிய கைகள் மாலையில் கம்பு சுழற்றின. கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்தின் முன்னே சிலம்பம் ஆடியது. பெரும்பாலும் ஆசானுக்குச் சம்பளமில்லை, ஏடுமில்லை. தோட்டமே அவருக்குப் பள்ளி. லயத்து வாசலே களம்.

இன்று தோட்டம் எங்கே? 1925இல் நிறுவப்பெற்ற இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இச்சுங்கை பூலோவில் பரந்து கிடந்தது. அந்நிலத்தில் இப்பொழுது புதுநகரியம் எழுகிறது. 2016 டிசம்பர் முதல் பெருவிரைவு இரயில் ஓடுகிறது. இதனைக் குறை கூறவில்லை. நம் பிள்ளைகளும் அந்த இரயிலில்தான் பணிக்குச் செல்கின்றனர். ஆயினும் தோட்டம் கலைந்தபோது களமும் கலைந்தது. ஆசானின் மாணவர் அடுக்ககம் பலவற்றில் சிதறினர். ஓர் ஆசான் மறையும்போது அவரோடு ஓர் அடிவரிசையும் மறைகிறது.

2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் கண்ணுக்குப் புலப்படாத கலைகளையும் வாழும் கலைஞரையும் மரபுச் செல்வமாக ஏற்க வழிசெய்துள்ளது. மலாய் மக்களின் சீலாட் 2019இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அது நமக்குப் பொறாமையன்று, பாடமாதல் வேண்டும். மூத்த ஆசான்களின் பெயர், குருமரபு, அடிவரிசை, சொற்கள் ஆகியவற்றை ஊர்தோறும் எழுதி வைப்போமாக. படம் பிடித்து வைப்போமாக. சட்டத்தின் வாயிலைத் தட்டுவதற்கும் முதலில் கையில் ஏடு வேண்டும்.

ஜின்ஜு பெண்டிர்க்கு வாள் இருந்தது. கேட்டு எழுதுவாரும் இருந்தனர். நம் ஆசான்களுக்கு மூங்கில் இருக்கிறது. எழுதுவார்தாம் வேண்டும். எழுத்தாளர் சங்கத்தின் மலரில் இதனை எழுதும் காரணமும் அதுவே.