நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஓராண்டு

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தோட்ட வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இருவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. ஒன்று, தோட்ட நிறுவனங்களின் ஏடுகள். எத்தனை ஏக்கர், எத்தனை இறாத்தல் பால், எத்தனை ஆள் என்பனவற்றை அவை கூறும். மற்றொன்று, எழுதப்படாத சான்று. எந்த வீட்டில் எந்தத் திருவிழாவின்போது குழந்தை பிறந்தது, எந்தத் தீபாவளி முதல் தலைத் தீபாவளியாயிற்று, எவர் மறைந்த ஆண்டு பண்டிகை கொண்டாடப்படவில்லை என்னும் குடும்ப நினைவுகளே அவை. முதல்வகைச் சான்று தொழிலாளியை எண்ணிக்கையாகக் காட்டும். இரண்டாவது அவனை மனிதனாகக் காட்டும்.

1891ஆம் ஆண்டில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. அக்காலத்தில் இப்பகுதியில் ஈயமும் காப்பியும் செல்வம் ஈட்டித் தந்தன. 1896இல் அண்டை மாநிலமான மலாக்காவில் டான் சாய் யான் இரப்பரை வணிகப் பயிராகப் பயிரிட்டார். பின்னர்க் காப்பித் தோட்டங்கள் இரப்பர்த் தோட்டங்களாக மாறின. ரந்தாவ், லிங்கி, லாபு, மந்தின், பகாவ் என எங்கும் பால்மரங்கள் நிரையாக எழுந்தன. 1907இல் அமைந்த தமிழர் குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றது. கங்காணிகள் தம் ஊராரைத் திரட்டி வந்தனர். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறையில் உதவிபெற்று வருவதும் 1938இல் நின்றது.

தொடக்கத்தில் வந்தோருள் ஆடவரே மிகுதி. சில ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்புவதே அவர்தம் எண்ணமாயிருந்தது. பெண்கள் வந்து, லயத்து வீடுகளில் அடுப்பெரிந்து, தொட்டில் ஆடத் தொடங்கிய பின்னரே தோட்டம் குடியிருப்பு ஆயிற்று. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்ததும் குடும்பம் வேரூன்றிய காலத்தில்தான்.

தோட்டத்தின் நாளை வகுத்தது நிருவாகம். விடியுமுன் பெரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, நண்பகலில் பால் நிறுவை என நாள் கழியும். ஆனால் தோட்டத்தின் ஆண்டை வகுத்தவர் மக்களே. தைத் திங்கள் முதல் நாளில் லயத்து வாசல்களில் கோலமிட்டுப் பொங்கல் வைத்தனர். இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. பொங்கல் உழவர் திருநாள். தோட்டத் தமிழர்க்கோ நெல்வயல் இல்லை. அவர்கள் எடுத்த பாலும் அவர்களுடையதன்று. ரெம்பாவ், கோலப்பிலா வட்டாரங்களின் வயல்களில் நெல் விளைவித்தவர் மலாய் மக்கள். ஆயினும் புதுப்பானையும் புத்தரிசியும் இன்றித் தை பிறந்ததில்லை. மாடு வளர்த்த வீடுகளில் மறுநாள் மாட்டுப் பொங்கல். விட்டுவந்த மண்ணின் பருவத்தை அவர்கள் உடன் கொண்டுவந்தனர் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. 1952இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கியபின், வீட்டு வாசலில் நின்ற இவ்விழா தமிழ்ப்பள்ளி மேடையிலும் ஏறிற்று.

தைப்பூசத்திற்குச் சிரம்பான் பாலதண்டாயுதபாணி கோவிலை நாடிச் சென்றோர் பலர். அதனை அடுத்துப் பால்மரங்கள் இலையுதிர்க்கும். பால் குறையும்; வருமானமும் குறையும். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தோட்டத்திற்குத் தோட்டம் வெவ்வேறு திங்களில் வரும். அதற்கெனத் தொழிலாளர் தத்தம் சம்பளத்தினின்று பணம் கொடுத்தனர். கரகமும் காவடியும் தீமிதியும் லயங்களை ஒன்றுகூட்டின. ஆண்டிறுதியில் அடைமழை. மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. வேலை இல்லையேல் அன்றைய கூலியும் இல்லை. இத்தகைய மழைக்காலத்திலேதான் தீபாவளி வரும். கையிருப்புக் குறைந்திருக்கும் வேளையில் முன்பணம் பெற்றேனும் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுத்தனர் பெற்றோர். அதன் கடன் பல திங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர்.

குடும்பச் சடங்குகள் இவ்விழாக்களோடு பின்னிக் கிடந்தன. பெயர்சூட்டலும் காதுகுத்தும் பூப்புச் சடங்கும் திருமணமும் உறவினர் கூடாது நடவா. தாய்மாமன் சீர் கொணர்தல் வேண்டும். தாய்மாமனோ கடல்கடந்த ஊரில் இருப்பார். எனவே ஒரே ஊரினர், ஒரே கப்பலில் வந்தோர், ஒரே லயத்தில் வாழ்ந்தோர் அண்ணன், தம்பி, மாமன், மைத்துனன் ஆயினர். குருதியால் வாராத உறவு சடங்கினால் வந்தது. சடங்கு வெறும் செலவு என்பார், அது தோட்டத்தில் உறவையே படைத்துத் தந்தது என்பதை நினைத்தல் நலம்.

இறந்தோரையும் இவ்வாண்டு மறக்கவில்லை. தீபாவளிக்கு முன்னாள் முன்னோர்க்குப் படையலிடுதல் மலேசியத் தமிழரிடையே ஆழமாக வேரூன்றிய வழக்கம். மறைந்தவர் விரும்பி உண்டவற்றைச் சமைத்து இலையில் படைத்தபின்னரே மறுநாள் மகிழ்ச்சி. சப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் பலர் திரும்பவில்லை. இறந்த நாளும் தெரியாது, இடமும் தெரியாது. நாள் தெரியாதவர்க்குத் திதி கொடுப்பது எங்ஙனம்? அத்தகையோரையும் நினைந்து இலை விரிக்க இப்படையல் இடந்தந்தது.

குடும்ப நினைவுக்கு இத்துணை வலிமை இருந்தும், அதற்கு ஒரு குறை இருந்தது. அது தாளில் இல்லை. "திருவிழாவுக்கு மூன்றாம் நாள் பிறந்தவன்" என்பது தாய்க்குப் போதும், அலுவலகத்திற்குப் போதாது. 1948இல் அவசரகாலத்தின்போது அடையாள அட்டை வந்தது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமைக்குச் சான்று தேவைப்பட்டது. 1969ஆம் ஆண்டையொட்டிக் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, இம்மண்ணில் பல்லாண்டு பால்வெட்டியோர் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. கோவிலில் தாலி கட்டி வாழ்ந்தோர்க்கும் 1982 மார்ச் முதல் திருமணப் பதிவு சட்டப்படி கட்டாயமாயிற்று. பிறப்புச் சான்று இல்லாத இந்தியர்க்கென 2011இல் 'மைடஃப்தார்' இயக்கம் நடத்தப்பட்டது ஒன்றே, இக்குறை எத்துணைக் காலம் நீடித்தது என்பதைக் காட்டும்.

இன்று அத்தோட்டங்களே மறைந்து வருகின்றன. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதனைத் தடுக்கத் துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளரிடம் பணம் திரட்டி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர் இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களின் தோட்ட நிலங்களில் நகரியங்கள் எழுந்தன. லயங்கள் இடிந்தன, மக்கள் நகரங்களுக்குப் பிரிந்தனர். ஆயினும் கோவில் எஞ்சிய இடங்களில், ஆண்டுத் திருவிழாவன்று பழைய குடும்பங்கள் கூடுகின்றன. மாமன் என்று அழைக்கப்பட்டவர் இன்றும் மாமனாகவே அழைக்கப்படுகிறார்.

இக்கூட்டம் தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு கடமையைச் சுட்டுகிறது. அன்று கங்காணியின் பேரேட்டில் தொழிலாளியின் வேலைநாள் பதிவாயிற்று. அவன் வாழ்நாள் பதிவாகவில்லை. ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டு, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த விழா, எவர் பிறந்தார், எவர் மணந்தார், எவர் மறைந்தார் என ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். அதற்கு நிதியும் வேண்டா, நிலமும் வேண்டா. கேட்கும் செவியும் எழுதும் கையும் போதும். சொல்லத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அடுத்த தீபாவளிப் படையலுக்கு முன்னரே அவர்களிடம் கேட்பது நன்று.