உமிழ்நீர் உரைக்கும் செய்தி

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்வோர் வழியில் வித்துரா என்னும் ஊரைக் காண்பர். 2008-ல் தோன்றிய இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இன்று அங்கே அமைந்திருக்கிறது. அம்மலைச்சாரலில் வாழ்வோர்க்கும், தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கும் பொதுவான வழக்கம் ஒன்று உண்டு. அதுவே வெற்றிலை பாக்கு. மணவீட்டில் மங்கலமாகிய தாம்பூலம், புகையிலையோடு கூடி நாள் முழுதும் வாயில் தங்குமாயின் பகையாகிறது.

அப்பகையை எதிர்த்துத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1996-ல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைக் கண்ணால் சோதித்தனர். புகையிலை, மதுப் பழக்கம் உடையோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று 2005-ல் வெளியான முடிவு கூறிற்று.

நோயைக் கண்டபின் சிகிச்சை வேண்டுமன்றோ? ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ் கதிரைக் கண்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-ல் அமைந்தது. எனினும் நோயை அழிக்கும் கதிர், அதன் வழியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகிறது. கதிர் பட்ட வாய் வறள்வதை பிரான்சு நாட்டு மருத்துவர்களான பெர்கோனியேயும் ஸ்பெடரும் 1911-லேயே எழுதிவைத்தனர்.

நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் ஊறும் உமிழ்நீர் வற்றினால், ஒரு பிடி சோற்றை விழுங்குவதும் அரிதாகும். வாய் புண்ணாகும். வேதனை தாங்காமல் சிகிச்சையை இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். ஒரே அளவு கதிரை ஒருவர் எளிதில் தாங்குகிறார், மற்றொருவர் துவண்டுபோகிறார். துவளப்போகிறவர் யாரென முன்னரே அறிய இயலுமா?

விடையை அறிஞர்கள் உமிழ்நீரிலேயே தேடுகின்றனர். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து, மேல்தோலை வளர்க்கும் ஒரு புரதத்தை ஸ்டான்லி கோஹன் பிரித்தெடுத்து 1962-ல் வெளியிட்டார். அத்துறைப் பணிக்காக 1986-ல் நோபல் பரிசு பெற்றார். புண்ணை ஆற்ற உதவும் அப்புரதம் மனித உமிழ்நீரிலும் உண்டு. அதன் அளவு குறைவதும், அழற்சியைக் காட்டும் வேறு புரதங்கள் மிகுவதும் வரப்போகும் துன்பத்தை முன்னறிவிக்கின்றனவா என ஆராய்கின்றனர். ஊசி குத்தாமல், ஒரு சிறு குப்பியில் உமிழ்ந்து தந்தாலே சோதனைக்குப் போதும். இம்முறை அன்றாட மருத்துவத்தில் இன்னும் நிலைபெறவில்லை. ஆயினும் சுரப்பிகளை ஒதுக்கிக் கதிர் செலுத்தும் முறை வந்துவிட்டது. அதனால் ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வாய்வறட்சி உடையோர் நூற்றுக்கு 74-லிருந்து 38 ஆகக் குறைந்ததாக 2011-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டிற்று. எவருக்கு இத்தகைய காவல் மிகுதியாக வேண்டும் என்பதை உமிழ்நீர் ஒருநாள் கூறக்கூடும்.

அந்நாள் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணோ, வெண்படலமோ வாயில் தோன்றினால், எந்த ஊரில் வாழ்ந்தாலும் தயங்காது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். புகையிலையையும் பாக்கையும் விடுதல் அதனினும் நன்று.