பேரும் இடமும்

நம்மூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை விதி இருக்கிறது, கி.பி. 919, 921, பராந்தக சோழர் காலம். 30 குடும்பின் ஓலைகளையும் தனித்தனியே கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையோடுதான் குடத்தில் இடவேண்டும்.

அதன் அருமை எனக்குக் கம்ப்யூட்டர் வேலையில் புரிந்தது. புது சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள்: 1 ஜிகாபிட், 10 ஜிகாபிட். லினக்ஸ் முதலில் கண்டது ‘ஈத் 0’, அடுத்தது ‘ஈத் 1’. நாங்கள் சர்வர்களுக்கு லினக்ஸ் ஏற்றும் கருவியில் ‘ஈத் 0’தான் வேகமானது என்று எழுதி வைத்திருந்தோம். ஒரு சர்வரில் வரிசை மாறியது. பேக்கப் முழுவதும் மெதுவான கார்டில் ஊர்ந்தது. விடிய விடியத் தேடினோம்.

2013இல் ‘சிஸ்டம்டி’ 197ஆம் பதிப்பு, கார்டு செருகிய இடத்தை வைத்தே பேர் வைத்தது. வேகத்தைத் தனியே பார்க்கவேண்டும். ஆனால் பேர் குழம்பாது.

வாயோலை கட்டிய சபையாருக்கு அது அன்றே தெரிந்திருக்கிறது.