இடைக்காலத் தேர்தல்களில் ஆளுங்கட்சி எதிர்ப்பு: கிங்ஸ் சர்க்கிள் தமிழர் வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

பொதுத்தேர்தலில் ஓர் அரசினை அமர்த்திய வாக்காளர், அதன் காலம் நிறைவுறும் முன்னரே வரும் வேறொரு தேர்தலில் அதனைக் கைவிடுதல் மக்களாட்சி நாடுகள் பலவற்றிலும் காணப்படுகிறது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் பதவிக்காலத்தின் நடுவே நிகழும் கீழவைத் தேர்தல்களை 1934 தொடங்கி நோக்கின், 1934, 1998, 2002 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே தலைவரின் கட்சி கூடுதல் இடங்களைப் பெற்றது. ஏனைய தேர்தல்களில் இழப்பே நேர்ந்தது.

இந்தியாவில் 'இடைக்காலத் தேர்தல்' என்னும் தொடர், அவை முன்கூட்டியே கலைக்கப்பட்டதால் நடைபெற்ற 1971, 1980 போன்ற தேர்தல்களைக் குறித்து வந்துள்ளது. இக்கட்டுரையில் அது, இரு பொதுத்தேர்தல்களுக்கு இடையே வரும் மாநகராட்சித் தேர்தலையும் இடைத்தேர்தலையும் குறிக்கும் பொருளில் ஆளப்படுகிறது. ஆளுங்கட்சிக்கு எதிரான வாக்கு ஆட்சியின் மீதான தீர்ப்பே என்னும் பொதுக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை, மும்பை கிங்ஸ் சர்க்கிள் வட்டாரத் தமிழரின் பட்டறிவு கொண்டு ஆராய்வது இதன் நோக்கமாகும்.

மூன்று விளக்கங்கள்

இப்போக்கிற்கு அரசியல் அறிஞர் தந்துள்ள விளக்கங்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கன. ஆங்கஸ் கேம்பெல் 1960இல் 'எழுச்சியும் தணிவும்' என்னும் கருத்தினை முன்வைத்தார். பெருந்தேர்தலின் எழுச்சியில் வந்து சேர்ந்த வாக்காளர், அவ்வெழுச்சி அடங்கியபின் விலகிவிடுகின்றனர் என்பது அதன் சாரம். எட்வர்ட் டஃப்டி 1975இல், பொருளியல் நிலையையும் தலைவரின் செல்வாக்கையும் மக்கள் எடைபோடும் வாக்கெடுப்பே இத்தேர்தல் என விளக்கினார். ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்கு 1979இல் நடைபெற்ற தேர்தலை ஆராய்ந்த ரைஃப், ஷ்மிட் ஆகிய இருவரும், ஆட்சியை மாற்றாத தேர்தல்கள் 'இரண்டாம் நிலைத் தேர்தல்கள்' என்றனர். அவற்றில் இழப்பதற்குச் சிறிதே உள்ளமையால் வாக்காளர் தம் மனக்குறையைத் தயக்கமின்றி வெளியிடுகின்றனர் என்பது அவர்தம் துணிபு.

கிங்ஸ் சர்க்கிளும் தமிழர் குடியேற்றமும்

1896இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து, 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அது வகுத்த தாதர், மாதுங்கா, சயான் குடியிருப்புத் திட்டங்களின் விளைவாக உருப்பெற்றதே கிங்ஸ் சர்க்கிள் வட்டாரம். அலுவலக எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் பணிபுரிய வந்த தென்னிந்தியர் பலர் இங்குக் குடியமர்ந்தனர். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகமும், 1952இல் சண்முகானந்த நுண்கலை சங்கீத சபையும் தோன்றின. சபையின் பேரரங்கம் 1963இல் எழுந்தது. அண்மையிலுள்ள தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல்தொழிலாளர் முன்னரே வேரூன்றியிருந்தனர். படிப்பாலும் தொழிலாலும் சாதியாலும் வேறுபட்ட இவ்விரு பகுதியினரும், பின்வந்த அரசியலில் ஒரே பெயரால் சுட்டப்பட்டனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1967, 1968: சினத்தின் திசைமாற்றம்

1960 மே முதல் நாள் மகாராட்டிர மாநிலம் அமைந்தது. மாநிலம் கிடைத்தும், தலைநகரின் அலுவலகப் பணிகள் தமக்குக் கிட்டவில்லை என்னும் குறை படித்த மராத்தி இளைஞரிடையே நிலவியது. 1961 கணக்கெடுப்பில் நகர மக்களுள் மராத்தி பேசுவோர் ஏறத்தாழ 43 விழுக்காட்டினரே. வேலையின்மைக்கு விடைகூற வேண்டியது அரசு. ஆயினும் பால் தாக்கரே நடத்திய 'மார்மிக்' இதழ், நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்தியரின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டு, அக்குறைக்கு வேறொரு முகவரி தந்தது. 1966 சூன் 19இல் சிவசேனை தோன்றியது.

1967 பொதுத்தேர்தலில் மகாராட்டிரத்தில் காங்கிரஸ் ஆட்சியைத் தக்கவைத்தது. அவ்வாண்டே வடகிழக்குப் பம்பாய் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. காங்கிரஸிலிருந்து விலகித் தனித்து நின்ற வி. கே. கிருஷ்ண மேனனை, அவர் தென்னாட்டவர் என்பதைக் காட்டிச் சிவசேனை எதிர்த்தது; காங்கிரஸ் வேட்பாளர் தாரா சப்ரே வென்றார். அதாவது, ஆளுங்கட்சி இவ்வுணர்வால் முதலில் பயனே அடைந்தது. ஆனால் 1968இல் நடைபெற்ற மாநகராட்சித் தேர்தலில், பிரஜா சோசலிஸ்ட் கட்சியுடன் உடன்பாடு கொண்ட சிவசேனை, 140 இடங்களுள் 42இல் வென்று காங்கிரஸுக்கு அடுத்த பெருங்கட்சியாயிற்று. ஆளுங்கட்சி வளர விட்ட உணர்வே அதன் இடங்களைக் கவர்ந்தது. 1969 பிப்ரவரியில் எல்லைச் சிக்கலை முன்னிட்டு மூண்ட கலவரத்தில் தென்னிந்தியரின் உணவகங்கள் தாக்கப்பட்டன. எல்லைச் சிக்கலுக்கும் அவ்வுணவகங்களுக்கும் தொடர்பேதும் இல்லை.

1985: ஓரிரு மாதங்களில் மாறிய முடிவு

1984 டிசம்பரில் நடைபெற்ற மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட இடங்களைப் பெற்றது. 1985 மார்ச்சில் மகாராட்டிரச் சட்டமன்றத்தின் 288 இடங்களுள் 161இல் அது வென்றது. சிவசேனைக்குக் கிட்டியது ஓரிடமே. அதற்கடுத்து வந்த மாநகராட்சித் தேர்தலிலோ சிவசேனை 170 இடங்களுள் 74 பெற்று மாநகராட்சியைக் கைப்பற்றியது.

இவ்விரைவான மாற்றத்தினை ஆட்சியின் மீதான சலிப்பு என்று கூற இயலாது. சலிப்புறப் போதிய காலமில்லை. எழுச்சி தணிந்தது என்பதும் முழுமையாகப் பொருந்தாது. பம்பாய் மகாராட்டிரத்தில் இருப்பினும் பம்பாயில் மகாராட்டிரம் இல்லை என்னும் பொருள்பட முதலமைச்சர் வசந்ததாதா பாட்டீல் கூறியது, நகரம் யாருக்குரியது என்னும் வினாவை மீண்டும் எழுப்பியது. மாநில அரசு இதனால் கவிழாது என்பதை அறிந்த வாக்காளர், அவ்வினாவிற்கு மாநகராட்சியில் விடையளித்தனர். எனவே மூன்றாம் விளக்கமே இங்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

திண்டுக்கல்: ஓர் ஒப்பீடு

தமிழகத்தில் 1971இல் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 184இல் வென்ற தி.மு.க., 1973 மே மாதத் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. 1972 அக்டோபரில் தோன்றிய அ.தி.மு.க.வின் மாயத்தேவர் வென்றார். அங்கும் ஆட்சி மாறும் அச்சமில்லை. வாக்காளர் தயக்கமின்றி வாக்களித்தனர். ஆயின் அச்சினத்தை வடிவமைத்த புதிய கட்சி, ஆட்சியாளரின் நேர்மை குறித்த வினாவையே முன்வைத்தது. அதனால் அடி ஆளுங்கட்சியின் மீதே விழுந்தது. பம்பாயில் அடியின் ஒரு பகுதி அயல்வீட்டார் மீது விழுந்தது. அதே வேளையில், 2009 சனவரித் திருமங்கலம் இடைத்தேர்தல் போன்றவற்றில் ஆளுங்கட்சியே வென்றமையும் உண்டு. ஆகவே ஆளுங்கட்சி எதிர்ப்பினை மாறாத விதியாகக் கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. இடைக்காலத் தேர்தல் ஆட்சியை மாற்றாதது என்பதாலேயே மனக்குறை அங்கு எளிதில் வெளிப்படுகிறது. அக்குறை எவர்மீது பாயும் என்பதை, அதற்குச் சொல் தேடித் தரும் இயக்கமே முடிவுசெய்கிறது. குறையின் காரணம் முடிவுசெய்வதில்லை. மேலும், இழப்பதற்கு ஒன்றுமில்லை என்னும் கருத்து எல்லா வாக்காளர்க்கும் பொதுவானதன்று. தம் பெயர் பட்டியலில் அச்சிடப்பட்டதைக் கண்ட கிங்ஸ் சர்க்கிள் எழுத்தர்க்கும், கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பிய உணவகத்தார்க்கும், ஆளுங்கட்சியைத் தண்டித்துப் பார்க்கும் உரிமை ஏட்டளவில் இருந்ததேயன்றி எளிதில் கையாளக்கூடியதாக இருந்திருக்க இயலாது. பெரும்பான்மையினர்க்கு இரண்டாம் நிலையாகத் தோன்றிய தேர்தல், அங்கு வாழ்ந்த சிறுபான்மையினர்க்கு முதல்நிலைத் தேர்தலாகவே இருந்தது. இடைக்காலத் தேர்தல் முடிவுகளை ஆராய்வோர், வாக்கு எவர்க்கு எதிராக அளிக்கப்பட்டது என்பதுடன் அதன் விளைவை எவர் சுமந்தனர் என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.