திறமூல அடித்தளத் திட்டங்களின் நிதி

குறியாக்கம், கோப்புச் சுருக்கம், தரவுப் பரிமாற்றம் போன்ற வேலைகளுக்காக மற்ற மென்பொருள்கள் சார்ந்திருக்கும் சிறு நிரல் தொகுப்புகளே திறமூல அடித்தளத் திட்டங்கள். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். பல திட்டங்களை ஓரிருவரே பராமரிக்கிறார்கள். இவற்றின் வரவு செலவு பரவலாகப் பேசப்பட்டது 2014-க்குப் பிறகுதான்.

அவ்வாண்டு ஏப்ரலில், இணையத் தொடர்புகளைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பிலிருந்தே அது ஒளிந்திருந்தது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்த நிரலுக்கு முழுநேர ஊழியர் ஒருவர்தான். திட்டத்தின் நிதிப் பொறுப்பைக் கவனித்த ஸ்டீவ் மார்க்வெஸ் கணக்கைப் பொதுவில் வைத்தார்: ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். மற்ற வருமானம் ஒப்பந்த வேலைகளிலிருந்து வந்தது. காசு கொடுத்தவர்கள் தங்களுக்கு வேண்டிய வசதியைக் கேட்டார்கள். பழைய நிரலை வரிவரியாகச் சரிபார்க்கக் கேட்டவர் அரிது. செய்தி பரவியதும் ஒரு வாரத்தில் ஏறத்தாழ 9,000 டாலர் வந்தது. அதுவும் பெரும்பாலும் தனிமனிதர்கள் அனுப்பிய 5, 10 டாலர்கள்! அதே மாதம் லினக்ஸ் அறக்கட்டளை ஒரு பொது நிதியைத் தொடங்கியது. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் உள்ளிட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் குறைந்தது தலா 1,00,000 டாலர் தர முன்வந்தன. ஓட்டையைவிட அந்த 2,000 என்ற எண்ணே அவற்றை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும்.

பணம் தர ஆள் இருந்தாலும் வாங்குவது எளிதல்ல. சிறு திட்டம் சட்டப்படி பதிவான அமைப்பாக இராது. அதன் பெயரில் வங்கிக் கணக்கும் இராது. பராமரிப்பவரின் சொந்தக் கணக்கில் போட்டால் வரி அவர் தலையில், சந்தேகமும் அவர் மேல். அதனால் ஒரு தாய் அமைப்பு பணத்தை வாங்கி வைத்து, கணக்கெழுதி, ரசீது பார்த்துச் செலவைத் தருகிறது. டெபியன் என்னும் இயங்குதளத் திட்டத்துக்காக 1997-இல் அமெரிக்காவில் தோன்றிய எஸ்.பி.ஐ. என்ற தாய் அமைப்பு இதற்கு வரவில் 5 சதவீதம் எடுத்துக்கொள்கிறது; ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் 10 சதவீதம். பின்னதில் யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்பதை எவரும் பார்க்கலாம். இந்த ஏற்பாட்டிலும் ஆபத்து உண்டு: பெயரில் நெருங்கிய, ஆனால் வேறான ஓப்பன் கலெக்டிவ் ஃபவுண்டேஷன் 2024-இல் கலைப்பை அறிவித்தபோது, அதன் கீழிருந்த குழுக்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2019-இல் கொண்டுவந்த கிட்ஹப் ஸ்பான்சர்ஸ் தனி நிரலருக்கே மாதந்தோறும் பணம் அனுப்ப வழிசெய்தது. வசதிதான், ஆனால் ஆதரவாளர்களின் பெயர் தெரிந்தாலும் தொகை வெளியே தெரியாது.

ஜெர்மனி 2022-இல் அரசுப் பணத்தில் சாவரின் டெக் ஃபண்டைத் தொடங்கியது. இங்கே தருவது நன்கொடையல்ல. குறித்த பராமரிப்பு வேலைக்கான தொகை.

இந்தியாவில் பெங்களூருவின் ஜெரோதா நிறுவனம் 2024-இல் ஃப்ளாஸ் ஃபண்டை அறிவித்தது: ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. விண்ணப்பிப்பவர் தம் இணையதளத்திலோ நிரல் களஞ்சியத்திலோ ‘ஃபண்டிங்.ஜேசன்’ என்ற கோப்பை வைக்க வேண்டும். தேவைப்படும் தொகை, பணம் பெறும் வழி ஆகியவற்றோடு முந்தைய ஆண்டுகளின் வரவு செலவையும் எழுத அதில் இடமுண்டு.